ஜமீன்தார் திருக்கையின் சாவும் சமஸ்தான விசாரணையும்

அக். 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வானம் மழை வருகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு ஓடிப்போயிற்று.

ஜமீன்தார் காலமானார்.

சமஸ்தானமே இருளில் மூழ்கியது என்று எழுத ஆசை. மூழ்கியது நாற்றத்தில். ஹால், சமையலறை, மாடிப்படி, படிக்குக் கீழே, எரிந்த மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற என் கடை வரை. கருகின மோட்டாரை முகர்ந்து முகர்ந்து செத்துப்போன மூக்கு இது. அதற்கே குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

இரங்கல் குறிப்பு (வேறு எவனும் எழுதப் போவதில்லை): ஜமீன்தார், திருக்கை மீன். நன்னீர் ஜாதி. கடல் திருக்கை இல்லை, இல்லை, இல்லை. கொளத்தூர் வளர்ப்பு மீன் சந்தையில் உள்ளங்கை அளவில் வாங்கியது. இப்போது தாம்பாள அளவு. பழுப்பு மேனி, மஞ்சள் வட்டங்கள், சாட்டை வால். வேலை வெட்டி கிடையாது. படுத்தபடியே சாப்பாடு, அதுவும் எறாவை, அதாவது இறாலை, தோல் உரித்துக் கொடுத்தால்தான். பெயர்க் காரணம் அதுவே. நான் ஹாலுக்குள் நுழைந்தால் தொட்டிக் கண்ணாடியில் ஏறி, வெள்ளை வயிற்றையும் அந்தச் சின்னச் சிரிப்பு வாயையும் காட்டுவார். இந்த வீட்டில் என்னைப் பார்த்துச் சிரித்த ஒரே ஜீவன்.

கண்டது: உடம்பின் ஓரம் முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி மேலே சுருண்டு. வயிறு கிள்ளி வைத்தாற்போல் சிவப்பு. 

என் சம்சாரம் சரோஜா காப்பித் தம்ளரோடு வந்து நின்றாள்.

"இன்னாய்யா, இப்டி சுருட்டிக்கினு கீது?"

"செத்துட்டாரு."

காப்பியை என்னிடம் கொடுக்கவில்லை. அவளும் குடிக்கவில்லை. ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். ஆறி ஆடை படிந்தது.

முறத்தில் பழைய பனியன் விரித்து ஏந்தினேன். உடம்பெல்லாம் கோழை. முழங்கை வரை. சோப்பு, சீயக்காய், கடையில் கிரீஸ் போக்குகிற தூள், எதற்கும் போகவில்லை. த்தூ. குப்பை வண்டியில் போட்டுவிடலாம் என்றேன். சரோஜா பார்த்த பார்வையில் வண்டியே எரிந்திருக்கும். பின்பக்கம் முருங்கை அடியில் குழி. மேலே ஒரு கை மஞ்சள் தூள் போட்டாள். போன மாதம்வரை, "புட்டு செஞ்சா தெருவுக்கே வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இவள்.

கடையில் முதல் கஸ்டமர்: "இன்னா மாமா, கருவாட்டு யாவாரம் ஆரம்பிச்சிட்டியா?"

இரண்டாவது கஸ்டமர்: "திருக்கையா? பால் சொறா மாரி புட்டு போட்லாமே?"

மூன்றாவது ஆள் வாயைத் திறக்குமுன் ஷட்டரை இழுத்துவிட்டேன்.


அக். 7, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. கை இன்னும் வாடை. நாஷ்டா இட்லி. கையால் சாப்பிட மனமில்லை, ஸ்பூனால் சாப்பிட்டேன். இட்லியை ஸ்பூனால் தின்கிற அளவுக்கு வந்துவிட்டது என் நிலைமை.

விசாரணை தொடங்கியது. நீதிபதி, போலீஸ், வக்கீல் எல்லாம் நானே.

சந்தேகம் ஒன்று. ஊரைச் சுற்றியுள்ள இரும்பு உலைகளின் கரும்புகை. மாடியில் காயப்போட்ட வேட்டி மாலைக்குள் எருமைத் தோலாகிறது, அது உண்மை. ஆனால் அந்தப் புகையை ஜமீன்தார் வந்த நாளிலிருந்து சுவாசித்துக்கொண்டுதான் இருந்தார், நாமும்தான். விடுதலை.

தண்ணீர். டிரம்மில் பிடித்துக் காற்றுக் குழாய் போட்டு ஆறவைத்துத்தான் மாற்றுவேன். போன வாரம் மாற்றவும் இல்லை. விடுதலை.

ஹீட்டர் சுட்டதா? அக்டோபரில் கும்மிடிப்பூண்டியில் ஹீட்டர் போடுகிறவன் பைத்தியக்காரன். மழைக்காலத்துக்கென்று மூட்டை கட்டி பரணில் கிடக்கிறது.

சரோஜாவின் சாம்பிராணி. பூஜை நாளில் வீடு தீப்பிடித்ததுபோல் போட்டாள். ஆனால் புகை தண்ணீருக்குள் இறங்காதே. சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுவிக்கிறேன். (விடுவிக்காவிட்டால் சோறு?)

பிறகு ஞாபகம் வந்தது, பரிசோதனைப் பாட்டில். மீன் விற்றவன் கூடவே கொடுத்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர், அதில் மருந்துச் சொட்டு. மஞ்சளாகவே இருந்தால் சுகம். பச்சை வந்தால் அம்மோனியா, அதாவது மூத்திர விஷம்.

வந்தது பச்சை. பாசி பிடித்த கோயில் குளம்கூட வெட்கப்படும் பச்சை.

என்னவோ தொட்டியில் அழுகியிருக்கிறது. அழுகக்கூடியதாக உள்ளே போனது ஒன்றே ஒன்று. எறா. எறா கொடுத்தது யார்?

காதர் பாய்.


அக். 8, புதன்

வெயில். ரயில்வே கேட் மூடி அரை யுகம்.

காதர் பாய் (இந்த மகா காவியத்தில் இனி கா.பா.) பற்றி. பழவேற்காட்டு ஆள். விடியலில் ஏரி எறாவும் நண்டும் கொண்டுவந்து பஜாரில் விற்பவர். நான் கடை போட்ட நாளிலிருந்து சிநேகம். எனக்குக் காய்ச்சல் என்றால் நண்டு ரசத்துக்கு நண்டு, அவருடைய ஐஸ் மெஷின் மோட்டார் எரிந்தால் என் கை. தினமும் கூறு கட்டி முடித்ததும், குட்டி எறா ஒரு கைப்பிடி தனியாக எடுத்துப் பொட்டலம் கட்டுவார். "ஜமீன்தார் பங்கு." 

இது புரட்டாசி. எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. இந்த மாதத்தில் இந்த வீட்டில் அசைவம் சாப்பிட்ட ஒரே பிரமுகர் ஜமீன்தார். "என் ஃபிரிட்ஜ்ல எறா வெச்ச, உன்னையும் சேத்து வெளிய வெச்சிடுவேன்" என்று சரோஜா சொல்லிவிட்டதால் பொட்டலம் கடையில் தெர்மகோல் பெட்டியில், ஐஸ் போட்டு. ஆக, எறா கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. ஆனால் நேற்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுக்கும்போதே கெட்டது என்று தோன்றியது. என் ஐஸ் தப்பு செய்யாது. நான் போட்ட ஐஸ்.

பஜாருக்குப் போனேன். போனேன் என்பதைவிட எழுந்தருளினேன். புரட்டாசி என்பதால் கா.பா. கடையில் நாலைந்து பேர்தான். எனக்கு அது போதும்.

"பாய், உன் எறா கொலகார எறா."

"இன்னா நைனா?"

"ஜமீன்தார் செத்துட்டாரு. அழுவுன சரக்க குடுத்துட்ட நீ."

நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஜாதி இல்லையே நான். உன் எறாவை முகர்ந்தால் காக்கை மயங்கி விழும் என்றேன். பழவேற்காடு ஏரியே மூக்கைப் பொத்திக்கொள்கிறது என்றேன். பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான். நான்கு பேர் நாற்பது பேராகிவிட்டார்கள். உற்சாகம் தாங்கவில்லை.

கா.பா. தராசுத் தட்டைத் துடைத்தார்.

"அதே கூடை எறா தான் எங்க ஊட்ல ஆக்குனது. எம் பேரப் புள்ளைங்க துன்னுச்சு. ஒரு புள்ளைக்கும் வயித்து வலி கூட இல்ல."

"மனுசன் வயிறு வேற, ஜமீன் வயிறு வேற."

"என் சரக்கு நாறுதுன்னு பஜார்ல நின்னு சொன்ன ஒரே ஆளு நீ தான் நைனா. போய்ட்டு வா."

வெற்றியோடு திரும்பினேன். வழியில் கரும்பு ஜூஸ் குடித்தேன். அதில் ஈ.


அக். 9, வியாழன்

மேகமூட்டம். கரன்ட் போய்ப் போய் வருகிறது.

சாட்சியம் சேகரிக்க எண்ணி தெர்மகோல் பெட்டியைத் திறந்தேன். கடைசிப் பொட்டலம் அதில்தான். திங்கட்கிழமைக்குப் பிறகு ஐஸ் போடவில்லை.

எழுதக் கை கூசுகிறது. கறுத்த தண்ணீர். அதன் மேல் நுரை. நுரையில் ஏதோ நெளிந்தது. நாற்றம் என்று சொன்னால் நாற்றத்துக்கு அவமானம். அது எழுந்து நின்று என் சட்டைக் காலரைப் பிடித்தது. வாசலுக்கு ஓடி ஓங்கரித்தேன். எதிர் மெடிக்கல் ஷாப்காரர் ஜெலுசில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நாகம்மா. கம்பெனி ஆட்களுக்கு மெஸ் நடத்துகிறவள், எரிந்துபோன கிரைண்டர் மோட்டாரோடு வந்து நின்றாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்குத் தமிழ்.

"பாத்தியா நாகம்மா! பாயோட எறா! சாட்சி!"

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "மூடி வெச்சா மல்லிப்பூ கூட நாறும் நைனா. இது சாட்சியா?"

மோட்டாரை வாங்கி வைத்துக்கொண்டு அவளை அனுப்பினேன்.

பெட்டியை வாய்க்காலில் கொட்டினேன். வாய்க்காலில் ஏற்கெனவே இருந்தது இதைவிட மோசம். இந்த ஊரில் எதைக் கொண்டுபோய் எதில் கொட்டினாலும் மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பது அசிங்கம்.


அக். 11, சனி

புரட்டாசி சனி. தளிகை. வடை நன்றாக இருந்தது, என் மூக்கு மட்டும் அதை எறா என்றது.

காலி தொட்டி ஹாலில் அப்படியே. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, குடியிருக்க ஆள் இல்லை. நிறுத்தப் போனேன். "ஓடட்டும் வுடு, சத்தம் இல்லேன்னா ஊடு எப்டியோ கீது" என்றாள் சரோஜா. கரன்ட் பில்லுக்காக என்னைத் திட்டித் தீர்த்தவள். தட்டை எடுத்துக்கொண்டு தொட்டி எதிரே போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். பெண்களைப் புரிந்துகொள்ள பிரம்மாவுக்கே ட்யூஷன் தேவை.

கா.பா. இந்தப் பக்கம் வரவில்லை. தொழுகை முடிந்து என் கடையைக் கடக்கும்போது எப்போதும் ஒரு குரல் விடுவார், "கரன்ட் கீதா நைனா?" என்று. நேற்று வெள்ளி. குரல் இல்லை. எதிர் ஓரமாக, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.


அக். 12, ஞாயிறு

மழை, கடைசியில். தெருவில் கறுப்புத் தண்ணீர்.

சரிசெய்த கிரைண்டர் மோட்டாரை வாங்கிப்போக நாகம்மா வந்தாள். ஓடவிட்டுக் காட்டினேன். போகிற போக்கில் சொன்னாள், புரட்டாசி முடிந்ததும் மெஸ்ஸுக்கு எறா மீஞ்சூர் ஆளிடம் சொல்லிவிட்டாளாம்.

"ஏன், பாய்?"

"நீயே சொன்னியே."

"நீ தான மல்லிப்பூ கதை சொன்ன?"

"எனக்குத் தெரியும் நைனா. துன்ற புள்ளைங்களுக்குத் தெரியுமா? 'அக்கா, அந்தக் கடை எறா வேணாம், காயில் கடை மாமா வாந்தி எட்த்தாராம்'ன்றாங்க. டப்பு குடுக்கறவன் சொல்றத கேக்கணும் இல்ல?"

மாமா வாந்தி எடுத்த செய்தி கவரப்பேட்டை வரை போய்விட்டதாம். எலும்புக்கூடு போல் இளைத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறேனாம். நான் சொன்ன பொய்யை ஊர் எடுத்து என்னைவிட அழகாகச் சொல்கிறது. வேறு சமயமாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

கா.பா.வுக்குப் புரட்டாசி முழுக்க ஈ ஓட்டுகிற மாதம். ஐப்பசி பிறந்தால்தான் அவர் அடுப்பில் பூனை எழுந்திருக்கும். அந்த முதல் வாரத்தில் மெஸ்காரி போனால் மற்ற மெஸ்ஸும் போகும்.

எறா கெட்டது என்றால் நான் சொன்னது நியாயம். கெடாவிட்டால்?

கஞ்சி குடித்தேன். உப்பு இல்லை. கேட்கவில்லை.


அக். 13, திங்கள்

தூறல். கடை திறக்கவில்லை.

மறு விசாரணை. படுத்துக்கொண்டு யோசித்தேன், ஜமீன்தார் பாணியில்.

சாவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் எறாவில் வாய் வைக்கவில்லை. சனியும் இல்லை. வைக்காத எறாவை நானே வலையால் அள்ளி வெளியே போட்டேன், காக்கைக்கு. தொட்டியில் ஒரு துணுக்குகூட அழுகவில்லை. காக்கையும் மயங்கி விழவில்லை. அப்படியென்றால் எறாவுக்கு முன்பே அவருக்கு உடம்பு கெட்டுவிட்டது. இந்த சாதாரணக் கணக்கு, பஜாரில் அத்தனை வாய் கிழியப் பேசியவனுக்கு அன்று தெரியவில்லை. என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது. எச்சில் கீழே என் மேல்தான் விழும் என்பதால் விட்டேன்.

வெள்ளிக்கு முன்னால் என்ன? வியாழன், விஜயதசமி. புதன், ஆயுத பூஜை.

ஆயுத பூஜை அன்று நான் கீழே கடையில். டிரில்லிங் மெஷின், காயில் சுற்றுகிற மெஷின், ஸ்பேனர், பைக் எல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து. மேலே வீட்டு மெஷின்கள் சரோஜா வசம். மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின், வாஷிங் மெஷின், அரிவாள்மனை. அன்று சாயங்காலம் மேலே வந்தபோது தொட்டிக் கண்ணாடியிலும் ஒரு பொட்டு இருந்தது. அசந்துபோனேன். அந்த மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள் பொட்டு வைத்திருக்கிறாளே! "ஜமீன்தாருக்குப் பட்டாபிஷேகமா?" என்று கேலி செய்தேன். சிரித்தாள்.

எழுந்து போய், தொட்டிக்கு அடியில் உள்ள ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன்.

பஞ்சு வெள்ளை. வாங்கின அன்றுகூட அவ்வளவு வெள்ளை இல்லை. பீங்கான் வளையங்கள் பல் விளம்பரத்துப் பல்லாக. பெட்டி மூலையில் துளி அழுக்கு கிடையாது. மூடியின் உள்பக்கம், தண்ணீர் படாத இடத்தில், சந்தனம் வட்டமாக, நடுவில் குங்குமம்.

அந்தப் பஞ்சு இருக்கவேண்டிய நிறம் பழுப்பு. சளி பிடித்தவன் கைக்குட்டை மாதிரி, தொட்டால் வழவழ, முகர்ந்தால் சேறு. பார்க்கிறவனுக்கு வாந்தி வரும். மீன் விற்றவன் அதைக் காட்டித்தான் சொன்னான்: "அண்ணே, இந்த வழவழப்பு தான் உசுரு. மீன் போற மூத்திர விசத்த இது தான் துன்னும். குழாய்த் தண்ணி காட்டாத, வெந்நீர் காட்டாத. தொட்டித் தண்ணியிலயே ஒரு அலசு, போதும்." நானும் அப்படியே செய்துவந்தேன். பெட்டியைத் தொடுகிற உரிமை எனக்கு மட்டும். இந்த ராஜ ரகசியத்தை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ராஜா எப்படி?

இந்த ஊரின் அத்தனை அசிங்கத்துக்கு நடுவில், ஒரே ஒரு உபயோகமான அசிங்கம் என் வீட்டில்தான் இருந்தது.

பின்னால் சரோஜா. கையில் துடைப்பம். முகத்தில், நான் கல்யாணத்தன்று பார்த்ததற்குப் பிறகு பார்க்காத ஒரு பெருமை.

"இப்ப தான் பாக்கறியா? வெள்ள வெளேர்னு கீதா? கொதிக்கிற வெந்நீர்ல ஊற வெச்சி, பிரஷ் போட்டு தேச்சேன்யா. ஐயோ, இன்னா கப்பு! சோறு எறங்கல ரெண்டு நாளு. சாமி வர்ற நாள்ல இதுக்குள்ள அத்தினி நாத்தமா?"

"ம்."

"எல்லா மெஷினுக்கும் பொட்டு வெக்கிறோம், அதுவும் ஒரு மெஷின் தான? அது மேல தான அந்த வாயில்லா ஜீவன் உசுரு நிக்கிது. உட்டுட்டா பாவம்." துடைப்பத்தை மாற்றிப் பிடித்தாள். "இன்னா பண்ணி இன்னா. நான் பொட்டு வெச்ச வேள சரியில்ல போல. அஞ்சு நாள் கூட தங்கல."

"ம்."

"இன்னாய்யா 'ம்' 'ம்'ன்ற? நாக்கு செத்துப்போச்சா?"

செத்துப்போயிருந்தது.


அக். 15, புதன்

மழை. மாடியில் ஒழுகல், பக்கெட் வைத்தேன்.

சொல்லிவிடலாம் என்று நேற்று மூன்று தடவை சமையலறை வரை போனேன். முதல் தடவை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர். இந்தக் கண்ணீரோடு அந்தக் கண்ணீரைக் கலக்கக்கூடாது என்று திரும்பினேன். அடுத்த தடவை, "வந்ததே வந்த, தேங்கா துருவு" என்றாள். துருவினேன். கடைசித் தடவை, சமையலறையில் ஆள் இல்லை; பின்பக்கம் முருங்கை அடியில் மழை மண்ணை அரிக்கிறது என்று செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள், தலையில் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு.

எப்படிச் சொல்ல? "நீ சுத்தம் பண்ணினாயே, அதில்தான் செத்தார்" என்றா? இவள் கை வைத்த இடம் மின்னும் என்று ஊரே சொல்லும். அந்தக் கையை இனி எங்கே வைப்பாள்?

சொல்லாவிட்டால் பஜாரில் பாயின் பெயர் நாறுகிறது. அதுவும் நான் போட்ட நாற்றம். அழுகின எறாவை வாய்க்காலில் கொட்டிவிட்டேன். இதை எந்த வாய்க்காலில் கொட்ட?

கா.பா. கடைப்பக்கம் போய்ப் பார்த்தேன், தூரத்திலிருந்து. கூடைகளைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவின கூடைகள். திரும்பத் திரும்ப. முகர்ந்து பார்த்தார். திரும்பக் கழுவினார்.

வந்துவிட்டேன். போண்டா வாங்கினேன். எண்ணெய் நேற்றையது. எறிந்துவிட்டேன்.


அக். 17, வெள்ளி

புரட்டாசி கடைசி. நாளை ஐப்பசி. ஊரே நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

சரோஜா: "நாளைக்கி பஜாருக்குப் போலாம்யா. தீவாளி சாமான் வாங்கணும். அப்டியே எறா. பாய் கிட்ட தான? இன்னா முழிக்கிற?"

எனக்கும் பாய்க்கும் நடந்தது அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஏதோ வாய்ச்சண்டை, சரியாகிவிடும் என்று நினைக்கிறாள்.

முடிவு செய்துவிட்டேன். உலக வரலாற்றில் எந்த அரசனும் எடுக்காத முடிவு. எழுதமாட்டேன். தைரியம் ஓடிவிடும்.


அக். 18, சனி

வெயிலும் தூறலும் சேர்ந்து. பஜாரில் கால் வைக்க இடமில்லை. ஒரு மாதப் பட்டினிக் கூட்டம். சேறு, செதில், வியர்வை, பட்டாசு மருந்து, எல்லாம் சேர்ந்த வாடை. கோழிக்கடையில் அடிதடி. கா.பா. கடையில் மட்டும் நின்றுகொண்டே கூட்டத்தைப் பார்க்க இடம் இருந்தது.

காலி எறாக் கூடை ஒன்றைக் கவிழ்த்தேன். ஏறி நின்றேன். கூடை முனகியது.

"மகா ஜனங்களே!"

"மாமா ஆஸ்பத்திரில இல்லியா?" என்றான் ஒருத்தன்.

"செத்துட்டு திரும்பி வந்தேன், உண்மைய சொல்ல. கேளுங்க. பாய் எறா தங்க எறா. இதத் துன்னா கெழவன் கொமரன் ஆவான். என் ஜமீன்தார கொன்னது எறா இல்ல. நான்!"

கா.பா. தராசைப் பிடித்த கையோடு நின்றார்.

சொன்னேன். ஃபில்டர் பஞ்சில் ஒரு வழவழப்பு இருக்கும், அதுதான் மீனின் உயிர், அது மீனின் விஷத்தைத் தின்னும். ஆயுத பூஜைக்கு மெஷின் எல்லாம் கழுவுகிற ஜோரில் அதையும் வெந்நீரில் போட்டு வெள்ளையாக வெளுத்தவன் இந்த மகா புத்திசாலி. தன் விஷத்தில் தானே வெந்து செத்தார் ஜமீன்தார். தப்பை மறைக்கப் பாய் தலையில் போட்டேன். வாந்தி எடுத்தது, நானே நாறவைத்த எறாவுக்கு. காறித் துப்புகிறவர்கள் வரிசையில் வரலாம்.

சொல்லும்போது சரோஜா பக்கம் பார்க்கவே கூடாது என்று வைத்திருந்தேன். பார்த்துவிட்டேன். கூடைப் பிடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு. போச்சு, என்றிருந்தது எனக்கு.

அப்புறம் வாயைத் திறந்தாள்.

"அப்பவே சொன்னேன், கேட்டாரா இந்த மனுசன்? 'வெந்நீர் வெக்காதய்யா, வாயில்லா ஜீவன்யா'ன்னு கால்ல வுழாத குறையா சொன்னேன். 'நீ போடி உள்ள, மெஷினப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்'ன்றாரு! பிரஷ் போட்டு தேக்கிறாரு தேக்கிறாரு, மூணு பிரஷ் தேஞ்சி போச்சு!"

கூட்டம் அலறிச் சிரித்தது. நாகம்மா நின்றிருந்தாள், அவளும். நான் கூடை மேல் கல்லாய் நின்றேன். ஆயுளெல்லாம் புளுகினவன் நான். மூணு பிரஷ் எனக்குத் தோன்றியிருக்காது.

கா.பா. என்னைப் பார்த்தார். சரோஜாவைப் பார்த்தார். கவிழ்ந்த கூடையைப் பார்த்தார்.

"எறங்கு நைனா. கூட ஒட்ஞ்சி பூடும்."

இறங்கினேன். "பாய்..."

"வழிய வுடு. கஸ்டமர் நிக்கிறாங்கோ."

உண்மையிலேயே நின்றார்கள். நாகம்மா முதல் ஆளாக, "மெஸ்ஸுக்குப் போடு பாய்." எங்களுக்கும் எறா நிறுத்தார். பையைக் கட்டப் போனவர், பழக்க தோஷம், குட்டி எறா ஒரு கைப்பிடி தனியாக அள்ளிப் பொட்டலத்துக்குத் தாளை எடுத்துவிட்டார். எடுத்தபின்தான் அவருக்கே ஞாபகம் வந்தது. கை அந்தரத்தில் நின்றது.

சரோஜா பையை விரித்துப் பிடித்தாள். "போடுங்க பாய்."

போட்டார்.

வீடு வரை ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் ஒருத்தன் போனில், "மூணு பிரஷ் மச்சான், மூணு பிரஷ்!" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.


அக். 19, ஞாயிறு

மழை விட்டது. நாளை தீபாவளி. தெருவில் இன்றே வெடி, கந்தகப் புகை, தொண்டை எரிச்சல்.

நாஷ்டா: ஆப்பம், தேங்காய்ப்பால். கேட்காமலே. இரண்டு தடவை போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

தொட்டி மோட்டாரை அவளே நிறுத்தியிருந்தாள். வீடு ஓவென்று இருந்தது.

கீழே ரோட்டில் குரல்: "கரன்ட் கீதா நைனா?" நான் ஜன்னலுக்குப் போவதற்குள் போய்விட்டார்.

எறா உரிக்கக் குழாயடியில் உட்கார்ந்தாள். எறா என்றால் இவள் ஏழு தண்ணீரில் அலசுவாள், மஞ்சள் போட்டு, உப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, எறாவே "விட்டுடு தாயே" என்று கதறும்வரை. இன்று ஒரு தண்ணீர் ஊற்றினாள். நிறுத்தினாள். தட்டில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் வாசலில் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன்.

திரும்பாமலே கேட்டாள்.

"ஏய்யா. இது போதுமா? இன்னும் கழுவ்லாமா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவள் என்னிடம் கழுவுவதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

பேப்பரை மடித்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செம்பில் தண்ணீர் மொண்டு தட்டில் ஊற்றினேன்.

"கழுவு" என்றேன்.